பென்குயின் வெல்ஷ் சொல்லா? அதற்குத் தலை கறுப்பாயிற்றே!

வாசகர் கேள்வி, ஜனவரி 8

ஒரு வினாடி வினாவில் கேட்டது: பென்குயின் வெல்ஷ் (இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸின்) மொழிச் சொல்லாம். 'பென்' என்றால் தலை, 'க்வின்' என்றால் வெள்ளை. எனக்குத் தெரிந்த பென்குயின்களுக்குத் தலை கறுப்பு. வேல்ஸில் பென்குயினே கிடையாது. யாரோ கிளப்பிவிட்ட கதைதானே இது?

ஜனவரி 8, இரவு

ஒரே போடாகக் கதை என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வேறொரு பறவையைப் பிடித்து வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் வட அட்லாண்டிக்கில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு பறவைக்கு உரியது. இன்று ஆங்கிலத்தில் அதை கிரேட் ஆக் என்கிறார்கள். முக்கால் மீட்டருக்கு மேல் உயரம், ஏறக்குறைய 5 கிலோ எடை, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, பறக்க உதவாத குட்டைச் சிறகு, மனிதனைப் போல நிமிர்ந்து நிற்கும். இங்கிலாந்து மாலுமிகள் தென் அமெரிக்காவின் கீழ்க்கோடிக்குப் போனபோது அங்கே இதே சாயலில் பறவைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. தெரிந்த பெயரையே அவற்றுக்கும் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஆக் இனம் கடற்புறாக்களுக்கு நெருக்கமானது.

ஆக, "வேல்ஸில் பென்குயின் ஏது?" என்ற கேள்வி அடிபட்டுப்போகிறது. தலைக் கேள்வி அப்படியே நிற்கிறது. கிரேட் ஆக்கின் தலையும் கறுப்புத்தான். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே மட்டும் பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு.

ஜனவரி 9

கேட்டவர் விடவில்லை. "ஒரு திட்டு இருந்தால் வெள்ளைத் தலையா?" என்கிறார். நல்ல கேள்வி, ஆனால் இன்று நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டு சின்னப் புள்ளி அல்ல. கிளாஸ்கோவில் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த கிரேட் ஆக் ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் இப்படி 80 கூடத் தேறாது. முன்னால் போய் நின்றால் முதலில் கண்ணை இழுப்பது அந்த வெள்ளைதான். அதை வைத்துத்தான் ஏதாவது பெயர் வைப்பார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றுவது சான்று ஆகாது, தெரியும்.

ஜனவரி 11

சரி, சான்றுகளுக்கு வருவோம். பழைய ஏடுகளில் முக்கியமானவை மூன்று. மூன்றிலும் ஒவ்வொரு ஓட்டை.

முதலாவது, ஆங்கிலக் கடலோடி டிரேக்கின் உலகச் சுற்றுப் பயணம். 1578 ஆகஸ்டில் தென் அமெரிக்காவின் கீழ்க்கோடியில் மெகல்லன் நீரிணையில் உள்ள தீவுகளில் இறங்கி, ஒரே நாளில் 3,000 பறவைகளுக்குக் குறையாமல் அடித்தார்கள். கப்பலில் இருந்த பாதிரியார் பிரான்சிஸ் ஃபிளெட்சரின் குறிப்புகளை ஒட்டி எழுதிய நூலில், வெல்ஷ்காரர்கள் 'பெங்க்வின்' என்று அழைக்கும் பறவைகள் இவை, முன்பு அவ்வழியே போன கடலோடி மெகல்லன் இவற்றை வாத்து என்றார் என்று வருகிறது. வெல்ஷ்காரர்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஓட்டை எங்கே? அந்த நூல் அச்சேறியது 1628இல். ஃபிளெட்சரின் கையெழுத்துப் படி நமக்கு இல்லை. 1677இல் ஒரு மருந்துக் கடைக்காரர் எடுத்த பிரதிதான் இருக்கிறது.

இரண்டாவது, 1536இல் ஹோர் என்பவர் தலைமையில் இன்றைய கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போன கப்பல். 'பென்குயின் தீவு' என்ற ஒன்றுக்குப் போனதாகவும், வாத்துப் பருமனில் வெள்ளையும் சாம்பலுமாகப் பறவைகள் நிறைந்திருந்ததாகவும் கதை. 1536 என்றதும் 'அடேயப்பா, இவ்வளவு பழசா!' என்று தோன்றும். ஆனால் இதை எழுதியவர் ஆங்கிலக் கடற்பயணக் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட ஹாக்லூயிட், அரை நூற்றாண்டு கழித்து. அந்தப் பயணத்தில் போனவர்களில் உயிரோடிருந்த ஒரே ஆளைத் தேடி 200 மைல் குதிரையில் போய் வாய்மொழியாகக் கேட்டு எழுதியது. கிழவர் சொன்ன பெயர் 1536இல் வழங்கியதா, பிற்பாடு ஒட்டிக்கொண்டதா என்று யார் சொல்வது? (இந்தப் பயணத்தில் பசி தாங்காமல் ஆளை ஆள் தின்ற சம்பவமும் உண்டு. அது வேறு இழைக்கான சமாச்சாரம்.)

மூன்றாவது டேவிட் இங்கிராம். இவருக்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

ஜனவரி 12

இங்கிராம், எசெக்ஸில் பார்க்கிங் ஊர்க்காரர், ஆங்கிலக் கடலோடி ஹாக்கின்ஸின் கப்பலில் வேலை பார்த்தவர். 1568இல் மெக்சிகோ கரையில் ஸ்பானியர்களிடம் அடிவாங்கிய பிறகு, மிஞ்சிய கப்பலில் எல்லோருக்கும் சாப்பாடு போதாது என்று நூறு பேர் அளவில் கரையில் இறக்கிவிட்டார்கள். அதில் இவரும் ஒருவர். இன்னும் இரண்டு பேரோடு வட அமெரிக்காவைக் குறுக்கே நடந்து இன்றைய கனடாவின் கிழக்குக் கரை வரை வந்து, பிரெஞ்சுக் கப்பல் ஏறி ஊர் திரும்பியதாகச் சொன்னார். 1582இல் எலிசபெத் ராணியின் அமைச்சர் வால்சிங்கம் தரப்பில் அவரை உட்கார்த்தி வைத்து விசாரித்தார்கள்.

அதில் சொன்னது: வாத்து மாதிரி ஒரு பறவை, பறக்காது, ஆடுகளைப் போல முன்னால் ஓட்டிக்கொண்டு போகலாம், நல்ல கொழுப்பு, நல்ல கறி, தலை வெள்ளை, ஆகவே அந்நாட்டார் இதைப் பென்குயின் என்கிறார்கள். கூடவே, இது வெல்ஷ் பெயர் போலத் தோன்றுகிறது என்று ஒரு ஒட்டு.

வெள்ளைத் தலை விளக்கம் இவ்வளவு பழையது. இன்றைய வினாடி வினாக்காரர்கள் கட்டியது அல்ல. ஆனால் இதே இங்கிராம் வட அமெரிக்காவில் யானையையும் பார்த்ததாகச் சொன்னவர். ஹாக்லூயிட் முதல் பதிப்பில் இவர் கதையைச் சேர்த்துவிட்டு, அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்.

யானை பார்த்தவர் சொன்னதால் பறவையும் பொய் என்று ஆகாது. பறக்காது, ஓட்டிப் போகலாம், கொழுப்பு என்பதெல்லாம் கிரேட் ஆக்குக்கு அப்படியே பொருந்துகிறது. 'தலை வெள்ளை' மட்டும்தான் இடிக்கிறது. பெயருக்குப் பொருள் தெரிந்த யாரோ, பொருளுக்கு ஏற்றபடி தலைக்கு வெள்ளை அடித்துவிட்டார்களோ என்று சந்தேகம். விசாரித்தவர்களிடம் அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

என்ன காரணம் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அமெரிக்காதான் காரணம்.

வேல்ஸில் ஒரு பழங்கதை உண்டு. க்வினெத் நாட்டு மன்னர் ஓவைனின் மகன் மாடோக், 1170இல் அப்பா இறந்து அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டபோது வெறுத்துப்போய்க் கப்பலேறி மேற்கே ஒரு புது நாட்டைக் கண்டார் என்பது கதை. கொலம்பஸுக்கு 300 ஆண்டு முன்பு! மாடோக் என்று ஒருவர் இருந்ததற்கே உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் எலிசபெத்தின் டியூடர் வம்சம் வேல்ஸிலிருந்து வந்தது. அமெரிக்கா ஸ்பெயினுக்கு உரியது என்று போப்பாண்டவர் எழுதிக்கொடுத்திருந்த காலம். 'எங்கள் தாத்தா ஆட்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள்' என்று சொல்ல ஒரு இளவரசர் கிடைத்தால் விடுவார்களா? வெல்ஷ் குடும்பத்தில் பிறந்த அறிஞர் ஜான் டீ இதை ராணிக்கு எழுதிக்கொடுத்தார். அமெரிக்காவில் ஆங்கிலக் குடியேற்றம் அமைக்க முனைந்த ஜார்ஜ் பெக்காம் 1583இல் ஒரு சிறுநூல் போட்டார். அமெரிக்கப் பழங்குடிகளிடம் வெல்ஷ் சொற்கள் வழங்குகின்றன என்பது அதில் ஒரு வாதம். சாட்சி யார்? நம் இங்கிராம். சொல் எது? பென்குயின்.

ஒரு பறவையின் பெயரை வைத்து ஒரு கண்டத்துக்குப் பட்டா கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் பிற்கால மொழியறிஞர்கள் பலர் இந்த வெல்ஷ் விளக்கத்தைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு விளக்கத்தை அயோக்கியன் பயன்படுத்திக்கொண்டான் என்பதால் அது பொய்யாகிவிடாது. மாடோக் வழக்கு வேறு, சொல் வழக்கு வேறு. பட்டா கேட்டவர்கள் பறவைக்குப் பெயர் வைக்கவில்லை, வைத்திருந்த பெயரைக் கண்டு பிடித்துக்கொண்டார்கள்.

ஜனவரி 13

பக்கவாட்டில் போகிறேன், மன்னியுங்கள். மாடோக் கதை இதோடு முடியவில்லை. வெல்ஷ் பேசும் செவ்விந்தியர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டு முடியும் வரை உயிரோடு இருந்தது. வட வேல்ஸில் வைன்வவுர் ஊர்க்காரரான ஜான் எவன்ஸ் என்ற இளைஞர் 1792இல் அமெரிக்கா போய், மிசௌரி ஆற்றில் எதிரே ஏறி, 1796-97 குளிர்காலத்தை மண்டான் என்ற பழங்குடி மக்களோடு கழித்தார். வெல்ஷ் இந்தியர் என்று யாரும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். 1799இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார். அவர் வரைந்த ஆற்றுப்படம்தான் பிற்பாடு அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய லூயிஸ், கிளார்க் பயணத்துக்கு உதவியது. தேடிப்போனது இல்லை, கையில் கிடைத்தது படம்.

இத்தனைக்குப் பிறகும் 1953இல் அலபாமாவில் மோபைல் விரிகுடாவின் கரையில், மாடோக் 1170இல் இங்கே இறங்கினார், செவ்விந்தியர்களிடம் வெல்ஷ் மொழியை விட்டுச்சென்றார் என்று ஒரு கல்வெட்டுப் பலகை நட்டார்கள். பிற்பாடு அகற்றிவிட்டார்கள்.

ஜனவரி 15

சொல்லின் உடம்பைப் பார்ப்போம். நான் கார்டிஃபில் வேலை பார்த்தபோது மாலை வகுப்பில் கொஞ்சம் வெல்ஷ் படித்தேன். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். ரயில் நிலைய அறிவிப்பு புரியும், அதற்குப் பதில் சொல்ல வராது. அங்கே ஊர்ப் பெயர்களில் திரும்பிய பக்கமெல்லாம் 'பென்' வரும். பெனார்த், பென் இ வான் மலை, பென் இ போண்ட். தலை என்பதோடு உச்சி, முனை, கோடி என்றும் பொருள். பெம்புரோக் என்பதும் 'நிலத்தின் கோடி'தான். இங்கிலாந்தின் லங்காஷயரில் பெண்டில் ஹில் என்று ஒரு குன்று. முதலில், வெல்ஷுக்கு உறவான மொழி பேசிய பழைய பிரித்தானியர் 'பென்' என்றார்கள். பிற்பாடு வந்த ஆங்கிலேயருக்கு அதன் பொருள் தெரியாமல் 'ஹில்' சேர்த்தார்கள். அது தேய்ந்து 'பெண்டில்' ஆனதும் மறுபடி ஒரு 'ஹில்'. குன்று குன்றுக் குன்று.

'க்வின்' என்றால் வெள்ளை. அழகிய, புனிதமான என்றும் பொருள் விரியும். வெல்ஷில் பெண்பால் பெயர்ச்சொல்லோடு வந்தால் 'க்வென்' ஆகி, முதலெழுத்தும் தேய்ந்து 'வென்' ஆகும். ப்ரான்வென் என்ற பெண் பெயரில் இருப்பது அந்த வென். 'பென்' ஆண்பால். ஆகவே 'பென் க்வின்' என்பது இலக்கணப்படி அப்படியே சரி, ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம். பழைய ஆங்கில ஏடுகளின் 'பெங்க்வின்' என்ற எழுத்துக்கூட்டும் இதோடு ஒத்துப்போகிறது. தற்செயலான ஒலி ஒற்றுமை இப்படி இலக்கணம் பார்த்து வருமா? வரலாம். ஆனால் என் தராசு ஒரு பக்கம் சாய்கிறது.

என்னோடு வேலை செய்த வட வேல்ஸ்காரர் ஒருவர், வீட்டில் வெல்ஷ் மட்டுமே பேசி வளர்ந்தவர். பென்குயின் உங்கள் சொல்லாமே என்று கேட்டேன். அவருக்குப் பெருமையே இல்லை. "எங்களிடம் 'பெங்க்வின்' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது" என்றார். கொடுத்தது அவர்கள் என்றால், கடைசியில் தங்கள் பொருளையே கடனாக வாங்கியிருக்கிறார்கள். கிரேட் ஆக்குக்கு வெல்ஷில் இன்று வழங்கும் பெயர் 'கார்வில் மவுர்'. பெரிய ஆக் என்று பொருள். தலையும் இல்லை, வெள்ளையும் இல்லை.

ஜனவரி 16

"ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் எல்லாமும் கெல்டிக்தானே, அங்கே பென் ஏன் இல்லை?"

இருக்கிறது, வேறு உடையில். வெல்ஷும் அடங்கிய கெல்டிக் மொழிக் குடும்பத்தில் பெரிய பிளவு ஒன்று. பழைய 'க்வ' ஒலி வெல்ஷ், கார்னிஷ் (இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலின் மொழி), பிரெட்டன் (பிரான்சின் பிரிட்டனியின் மொழி) பக்கம் 'ப' ஆனது. ஐரிஷ், கேலிக் பக்கம் 'க' ஆனது. மகன்: வெல்ஷில் மாப், ஐரிஷில் மாக். ஐந்து: பிம்ப், கூயிக். தலைக்கு அங்கே பென், இங்கே க்யான். ஸ்காட்லாந்தின் கின்டையர், அயர்லாந்தின் கின்சேல், இரண்டிலும் முன்னால் உள்ள 'கின்' இதே தலைதான். 'க்வின்' அங்கே 'ஃபியன்' ஆகும். ஐரிஷ் கதைகளின் வீரன் ஃபியன் மக்கூல் பெயரில் இருப்பது அது. இரண்டுக்கும் தாய் 'விண்டோ' என்ற பழங்கெல்டிக் சொல். வியன்னா நகரத்தை ரோமானியர் விண்டோபோனா என்றார்களே, அந்த விண்டோ.

ஜனவரி 16, நள்ளிரவு

மேலே எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. க்யானும் ஃபியனும் சேர்ந்தால் என்ன ஆகும்? சேர்ந்தே இருக்கிறது! ஐரிஷில் 'க்யானன்' என்று ஒரு சொல். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள மாட்டையும் குதிரையையும் அப்படிச் சொல்வார்கள். எழுத்துக்கு எழுத்து 'வெள்ளைத் தலை'தான், குறிப்பது சுட்டியை. வெல்ஷ் 'பென் க்வின்' எப்படிக் கட்டப்பட்டதோ அதே கட்டு.

இன்னும் இருக்கிறது. நீர்நிலைகளில் கரிக்கறுப்பாக ஒரு கோழி நீந்துமே, நெற்றியில் மட்டும் பளீரென்று வெள்ளைத் தகடு? ஆங்கிலத்தில் கூட். ஐரிஷில் அதற்குப் பெயர் 'க்யார்க் ஹ்யானன்', அதாவது வெள்ளைத்தலைக் கோழி. தலை முழுக்கக் கறுப்பு, நெற்றி மட்டும் வெள்ளை, பெயர் வெள்ளைத்தலை. முதல் நாள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்காது.

இதே பறவை நம் ஏரிகளிலும் உண்டு. நாம் அதை நாமக்கோழி என்கிறோம். அந்த ஒரு வெள்ளையைப் பார்த்துத்தான் நாமும் பெயர் வைத்தோம். ஆங்கிலேயரும் அப்படித்தான், 'வழுக்கைக் கூட்' என்றார்கள். 'பால்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய வழக்கில் வெள்ளைத் திட்டு உடையது என்ற பொருளும் இருந்தது. அமெரிக்காவின் பால்ட் ஈகிளுக்கு வழுக்கை ஏது? தலை வெள்ளை, அவ்வளவுதான்.

ஆகவே 'தலை கறுப்பாயிற்றே' என்ற ஆட்சேபத்தை நான் இனி ஏற்கப் போவதில்லை.

ஜனவரி 18

பெயருக்கு வேறு விளக்கங்கள் உண்டா என்று கேட்டவருக்கு:

லத்தீனில் 'பிங்குயிஸ்' என்றால் கொழுத்தது. 1605இல் க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர் இந்தப் பறவையைப் பற்றி எழுதும்போது, டச்சு மாலுமிகள் கொழுப்பை வைத்துத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள் என்றார். பறவை கொழுத்தது என்பது உண்மை. ஆனால் உப்புக்கறி தின்னும் மாலுமி லத்தீனில் பெயர் வைப்பானா? படித்தவர் மேசையில் உட்கார்ந்து கட்டிய விளக்கம் என்றே எனக்குப் படுகிறது. பெயரும் அதற்குள் ஆங்கிலத்தில் நன்றாக வழங்கிவந்தது.

'பின் விங்' என்று இன்னொன்று. ஊசி போலச் சிறகு, அல்லது வெட்டிய சிறகு. 1620இல் நியூஃபவுண்ட்லாந்தைப் பற்றி எழுதிய விட்பர்ன் இவற்றுக்குக் குட்டைச் சிறகு என்பதை எடுத்துச் சொல்கிறார். பொருள் பொருந்தும், எழுத்துக்கூட்டு பொருந்தாது. பழைய ஏடுகளில் 'பென்'தான் வருகிறது, 'பின்' பிற்பாடு.

மூன்றாவது, 'பென்' இங்கே தலை அல்ல, நிலமுனை. எச்சம் படிந்து வெளுத்த பாறைத் தீவுக்கு 'வெள்ளை முனை' என்று பெயர், அது அங்கிருந்த பறவைக்கு வந்தது என்பார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் இது. 'பென்குயின் தீவு' என்ற பெயர் ஆரம்பத்திலிருந்தே வருவதும் இதற்கு இடம் கொடுக்கிறது. இதுவும் வெல்ஷ்தான் என்பதைக் கவனியுங்கள். தலையா முனையா என்பது உள்வீட்டுச் சண்டை.

ஜனவரி 19

ஒரு நண்பர் கார்ன்வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். "வெல்ஷ்தான் என்று ஏன் அடம்? கார்னிஷிலும் அதே சொற்கள்தானே?" ஆமாம், அதே பென், அதே க்வின். 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கார்ன்வாலில் கார்னிஷ் பேச்சுமொழியாக இருந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்கு மீன்பிடிக்கப் போன ஆங்கிலக் கப்பல்கள் பெரும்பாலும் அந்த மேற்குத் துறைமுகங்களிலிருந்தே போயின. இது என் நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்கிறது. ஆனால் பிரிஸ்டலையும் மறக்கக் கூடாது. 1497இல் கடலோடி காபட் வட அமெரிக்காவுக்குப் புறப்பட்ட துறைமுகம் அது. கடலிடுக்கைத் தாண்டினால் வேல்ஸ். அங்கே வெல்ஷ் ஆட்களுக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

பிரெட்டனில் வெள்ளை 'க்வென்', எல்லாப் பாலுக்கும் அதுவே. அங்கிருந்து வந்திருந்தால் 'பெங்க்வென்' என்று ஆகியிருக்க வேண்டும். தவிர, பிரிட்டனி கரையிலுள்ள சேன் மாலோவிலிருந்து போன பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்ட்டியே, 1534 மே மாதம் நியூஃபவுண்ட்லாந்தின் பென்குயின் தீவில் அரை மணிக்குள் இரண்டு படகு நிறையப் பறவை ஏற்றினார். அவர் எழுதிய பெயர் 'அப்பொனாத்ஸ்'. சேன் மாலோவில் பிரெட்டன் பேச்சு இல்லை என்பதால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் பிரெட்டன் கட்சிக்கு இது பலம் சேர்க்கவில்லை.

என் கணக்கு: வெல்ஷ் முன்னால், கார்னிஷ் ஒரு அடி பின்னால், மற்றவை தூரத்தில்.

ஜனவரி 20

ஃபிளெட்சர் பாதிரியாரின் நாணயம் பற்றி ஒருவர் கேட்டார். 1580 ஜனவரியில் கப்பல் பாறையில் ஏறி நின்றபோது, இது நம் பாவத்துக்குத் தண்டனை என்று பாதிரியார் பேசியிருக்கிறார். கப்பல் தப்பியதும் டிரேக் அவரைச் சங்கிலியில் கட்டி, தன் சொந்த அதிகாரத்தில் திருச்சபையிலிருந்தே விலக்கி, 'உயிரோடிருப்பவர்களில் மகா பொய்யன்' என்று எழுதிக் கையில் கட்டிவிட்டார். பறவைப் பெயர் விஷயத்தில் அவர் பொய் சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. 1582 விசாரணைக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டவர். மாடோக் பட்டா வியாபாரத்தில் அவருக்குப் பங்கில்லை. மூன்று சாட்சிகளில் நான் நம்புவது இந்த மகா பொய்யனைத்தான்.

ஜனவரி 23

கெல்டிக் மொழி பேசுகிறவர்களில் இந்தப் பறவையோடு உண்மையாகவே வாழ்ந்தவர்கள் ஸ்காட்லாந்தின் மேற்கே செயின்ட் கில்டா தீவு மக்கள். 1697இல் அங்கே போன மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் இந்தப் பறவையைப் பற்றி எழுதியிருக்கிறார். கேலிக் பேசிய அவர்கள் வைத்திருந்த பெயர் என்ன? 'கியர்வல்'. நார்ஸ் மொழியின் 'கெய்ர்ஃபுகல்', ஈட்டிப்பறவை, அதன் தேய்வு. கூடவே இருந்தவர்கள் வைக்கிங்குகளின் சொல்லைக் கடன் வாங்கினார்கள். கடல் தாண்டிப் போய்ப் பார்த்தவர்கள் சொந்தச் சொல்லைக் கொடுத்தார்கள். எனக்கு இது விசித்திரமாகவே இருக்கிறது.

அந்தத் தீவுக் கூட்டத்தின் ஸ்டாக் அன் ஆர்மின் பாறையில் 1840 வாக்கில் ஒரு பறவை பிடிபட்டது. மூன்று நாள் கட்டி வைத்திருந்தார்கள். புயல் வந்தது. இது சூனியக்காரி என்று அடித்துக் கொன்றுவிட்டார்கள். 1844 ஜூனில் ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே தீவில் கடைசி ஜோடியும் போயிற்று. அது சேகரிப்பாளர்களுக்காக.

நியூஃபவுண்ட்லாந்தின் பென்குயின் தீவில், இன்று ஃபங்க் தீவு, அழிவு முன்பே முடிந்துவிட்டது. முதலில் கறிக்கு, அப்புறம் மெத்தை இறகுக்கு. 1785இல் கார்ட்ரைட் என்ற வணிகர் தன் நாட்குறிப்பில், இறகுக்காகவே ஆட்கள் கோடை முழுதும் அங்கே தங்கிக் கொல்கிறார்கள், நிறுத்தாவிட்டால் இனமே மிஞ்சாது என்று எழுதினார். அந்தக் குறிப்பிலும் அவர் எழுதும் பெயர் பென்குயின்தான். 1785 வரைக்கும்கூட அங்கே அந்தப் பெயர் தன் சொந்தப் பறவையிடம் இருந்திருக்கிறது.

ஜனவரி 24

பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர் சுட்டிக்காட்டியது, எல்லோருக்கும் உதவும். பிரெஞ்சில் 'பாங்குவான்' என்றால் இன்றும் கறாராக வடக்குப் பறவை, ஆக் இனம். தென்கடல் பென்குயினுக்கு 'மான்ஷோ', ஒற்றைக்கையன் என்று பெயர். பிரெஞ்சுப் பொதுமக்களே இதைக் குழப்பிக்கொள்வார்கள், பறவை ஆர்வலர்கள் உடனே திருத்துவார்கள். அறிவியலிலும் கிரேட் ஆக்குக்குத்தான் பிங்குயினஸ் என்ற பேரினப் பெயர். அண்டார்டிகாவில் நிற்கும் எந்தப் பென்குயினுக்கும் அந்தப் பெயர் இல்லை.

ஜனவரி 27

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "அப்படியானால் வினாடி வினாவில் சொன்னது சரியா, தவறா?"

'வெல்ஷ் சொல்' என்பது பெரும்பாலும் சரி. 'வெள்ளைத்தலை' என்பதும் எனக்குச் சம்மதம். பென்குயினைக் காட்டிக்கொண்டு அதைச் சொன்னதுதான் கோளாறு. கிரேட் ஆக் படத்தைப் போட்டிருக்க வேண்டும். பெரிய அகராதிகள் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் போக மாட்டார்கள். அவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது, எனக்கு இல்லை.

ஜனவரி 28

கடைசியாக வந்த கேள்வி: "க்வென்னும் ஜெனிஃபரும் ஒன்றா?" ஒன்றுதான். ஆர்தர் மன்னரின் மனைவி வெல்ஷில் க்வென்ஹுய்வார். முன்பாதி அதே வெள்ளை. ஆங்கிலத்தில் கினிவீர் ஆனது. கார்னிஷ் வடிவம்தான் ஜெனிஃபர். பென்குயினின் பின்பாதியும் ஜெனிஃபரின் முன்பாதியும் உடன்பிறப்பு. அலுவலகத்தில் ஜெனிஃபர் யாராவது இருந்தால், எப்படி எடுத்துக்கொள்வார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.